அத்தையிடம் விசாரித்தார்கள்

அத்தையின் பட்டன் போன் இப்போது என் கையில் இருக்கிறது. பச்சைப் பொத்தான் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. பின்மூடி நிற்காது என்பதால் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். எப்போதும் வெற்றிலைப் பையிலேயே கிடந்த போன் என்பதால், காதில் வைத்தால் குரல் வருவதற்கு முன்னால் பாக்கு வாசனை வருகிறது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அத்தை மகள் இதைக் கொண்டுவந்து நீட்டினாள். "இத நீங்க வெச்சுக்கங்க மச்சான். இதுல வர்ற ஆளுகளுக்கெல்லாம் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல" என்றாள்.

அத்தை என் அப்பாவுடன் பிறந்தவள். கைக்குழந்தையோடு தாலியறுத்துக் காமயகவுண்டன்பட்டிக்குத் திரும்பி வந்தவள், என் அம்மா போன பிறகு எங்கள் வீட்டுக்கே ஆணிவேர் ஆகிவிட்டாள். அப்பா திராட்சைத் தோட்டமே கதியென்று கிடப்பவர். பந்தலுக்குக் கீழே குனிந்தே நடந்து, வீட்டுக்குள்ளும் குனிந்தே நடப்பார். பேச்செல்லாம் அத்தைதான். எதற்கும் ஒரு சொலவடை வைத்திருப்பாள். இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே ஒன்றைச் செய்து, பெரியவர்கள் சொன்னது என்று சொல்லிவிடுவாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. பத்திரிகையில் அச்சாகாத சடங்கு. விசாரிப்பு என்று பெயர். மாப்பிள்ளை வீட்டாரோ பெண் வீட்டாரோ நேராக வந்து கேட்க மாட்டார்கள். டீக்கடையில் கேட்பார்கள், டவுன் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேட்பார்கள், இப்போதெல்லாம் யார் என்றே சொல்லாமல் போனில் கேட்பார்கள். குரல் மட்டும் தேனாக இருக்கும். எங்கள் தெருவில் யார் வீட்டைப் பற்றி விசாரிப்பு வந்தாலும் அது கடைசியில் அத்தையிடம்தான் வந்து நிற்கும். "பையன் குடிப்பானா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "நல்லாக் குடிப்பான். மோர் குடிப்பான், எளநி குடிப்பான்" என்று சொல்லி அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தவள் அவள். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னாக பெரியவுக. ஆயிரம் எதுக்குலே? பேசத் தெரிஞ்சவளுக்கு நூறு போதும்" என்பாள். அத்தையால் ஒரு சம்பந்தமும் கெட்டதில்லை என்பது தெருவில் அவளுக்கு இருந்த பட்டம்.

நான் நியூசிலாந்துக்குப் படிக்கப் போய், படிப்பைவிடத் திராட்சைத் தோட்டத்துக் கவாத்து வேலையில் தேறியவன். அங்கே பந்தல் கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொடிகள் வரிசையாக நிற்கும், குனிய வேண்டாம். பக்கத்து வரிசையில் கத்தரி பிடித்து நின்றவள்தான் என் மனைவி. சமோவா தீவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவர்கள் தேவாலயத்துக்குப் பக்கத்துக் கூடத்தில் கல்யாணம் நடந்தது. சேப்பங்கிழங்கு வகையில் பெரிய கிழங்கு ஒன்று அவர்களுக்கு உயிர். அதை அவித்துக் கூடம் நிறையப் பேர் சாப்பிட்டார்கள். என் பக்கத்தில் ஒரு நாற்காலிகூட நிரம்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போதும் என் மாமனார் ஒரே கேள்வியைக் கேட்பார்: "உன் வீட்டார் எப்போது வருகிறார்கள்?"

அப்பா வீடியோவில் என் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அத்தைதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "வெள்ளக்காரியக் கூட்டிட்டு வருவேன்னு பயந்து கெடந்தேன். இவ நம்மளவிட ஒரு கை கருப்பால்ல இருக்கா! நல்லதாப் போச்சு" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஊருக்குள்ள இப்பச் சொல்ல வேணாம்ய்யா. இவளுக்கு ஒரு எடம் கூடி வருது. முடியட்டும்." இவள் என்றது தன் மகளை. சின்னமனூர்ப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் ஒருவன் சாதி விட்டு, தேசம் விட்டுக் கட்டினான் என்று தெரிந்தால் பின்வாங்குகிற வகை. நானும் தலையாட்டினேன்.

என் விசா முடியப்போகிற நேரம் அது. மனைவியோடு அங்கேயே இருக்க வேண்டுமானால் அவள் பேரில் துணைவர் விசா கேட்க வேண்டும். சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்குக் கல்யாணச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், போட்டோ எல்லாம் கொடுத்தாயிற்று. விண்ணப்பத்தில் ஊரில் யாரைக் கேட்கலாம் என்று இருந்த இடத்தில் அத்தையின் நம்பரைக் கொடுத்தேன். "ஆபீஸ்லயிருந்து போன் வரும் அத்தை. உள்ளதச் சொல்லுங்க" என்று சொல்லியும் வைத்தேன். "வரட்டும்ல. வெள்ளக்காரன் போன்ல வந்தா என்னைய முழுங்கிருவானா?" என்றாள். வெற்றிலை இடிக்கும்போதெல்லாம் என் மனைவியின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாளாம். அந்தப் பெயர் அவள் வாயில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக உடைந்ததாக அத்தை மகள் சொன்னாள்.

ஆனால் போனில் வெள்ளைக்காரன் வரவில்லை. தமிழ்ப் பெண் ஒருத்தி வந்தாள். நயமான குரல். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, உங்கள் அண்ணன் மகன் வெளிநாட்டில்தானே இருக்கிறார், அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். அத்தை ஆயுள் முழுக்க எந்தக் கேள்விக்குக் காத்திருந்தாளோ அந்தக் கேள்வி, அதே குரலில். எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்று அந்தப் பெண் சொல்லித்தான் இருப்பாள். அத்தையின் காதில் அது ஏறவில்லை. சின்னமனூர்க்காரர்கள் ஆழம் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

விசா அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் அத்தையின் பதில் இங்கிலீஷில் இருந்தது. விண்ணப்பித்தவருக்குத் திருமணம் ஆகவில்லை. குடும்பத்தார் அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு உங்கள் விளக்கம் என்ன?

மனைவி அதைப் படித்து மேசையில் வைத்து, காற்றில் பறக்காதபடி உப்பு ஜாடியை மேலே வைத்தாள். நான் விசாரிப்பு என்றால் என்னவென்று சொல்ல ஆரம்பித்தேன். தமிழில் வழக்கமாக இருப்பது இங்கிலீஷில் சொல்லச் சொல்லக் குற்றமாக மாறிக்கொண்டே போனது. நான் முடித்ததும் அவள் கேட்டாள்: "உன் அத்தைக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளைத்தான் நீ கட்டியிருக்க வேண்டும் என்று நீயே ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாய். உன் அத்தை அவர்களிடம் பொய் சொன்னாளா, அல்லது தன் மனதில் இருப்பதைச் சொன்னாளா?" முறைப்பெண் என்று ஊர் கேலி செய்ததே தவிர எங்கள் இருவருக்கும் அப்படி ஓர் எண்ணம் இருந்ததில்லை என்றேன். அத்தைக்கு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. "அதிகாரி நம்பாவிட்டால் உன்னை ஊருக்கு அனுப்புவார். நான் நம்பாவிட்டால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனாள். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவள் மட்டும் தன் அப்பா வீட்டுக்குப் போனாள்.

அத்தைக்குப் போன் போட்டேன்.

"ஏன் அத்தை இப்படிச் சொன்னீக?"

"ஆபீஸ்காரவுக இங்கிலீசுலதான பேசுவாக? இவ நம்ம பேச்சுல்ல பேசுறா! சம்பந்தம் பேச வந்தவ கணக்கா 'சாப்ட்டீங்களாம்மா'ங்குறா. எந்த ஆபீஸ்ல அய்யா சாப்ட்டியான்னு கேப்பாக?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அத்தைதான் முதலில் அடங்கினாள். "புள்ள என்ன சொல்றா?" என்றாள். சொன்னேன். வெற்றிலை உரலில் உலக்கை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரிந்தது. அத்தை தேனிக்குப் போய், நோட்டரி வக்கீல் முன்னால், எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று கைநாட்டு வைக்க வேண்டும். வைத்தால் ஊருக்குத் தெரியும். "ஒம் மக கல்யாணம் முடியட்டும்த்தா, பெறகு பாப்போம்" என்றார் அப்பா. அதுவரை விசா அலுவலகம் காத்திருக்காது. அத்தை அண்ணனிடம் சொன்னதை அத்தை மகள் எனக்கு அப்படியே சொன்னாள்: "எனக்கு ரெண்டு மக அண்ணே. ஒருத்தி வீட்டுக்குள்ள இருக்கா. ஒருத்தி வாசலுக்கு வெளிய நிக்கிறா. வெளிய நிக்கிறவளத்தான மொதல்ல கூப்பிடணும்?" எங்கள் முறைப்படி அண்ணன் மகன் மருமகன், அவன் மனைவி மகள். முறையைச் சொன்னாளா, மனதைச் சொன்னாளா, இரண்டும் ஒன்றுதானா, தெரியவில்லை.

தேனிக்குப் பஸ் ஏறும் முன்னால் அத்தை ஒரு காரியம் செய்தாள். சின்னமனூருக்குத் தானே போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "பேப்பர்ல எழுதுனா ஊருக்குத் தெரியும். அதுக்கு முந்தி மனுசருக்கு வாயால சொல்லிறணும்" என்றாளாம். அவர்கள் மரியாதையாகவே விலகினார்கள். "வெளிநாட்டுப் பொண்ணுங்கிறதுகூடப் பெரிசில்ல. மறச்சீகள்ல, அதுதான்" என்றார்களாம். அத்தையின் பட்டம் அன்றோடு போயிற்று, அதுவும் சொந்த மகள் விஷயத்தில்.

எனக்கு விசா கிடைத்தது. மனைவியும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த வாசல் கதையை அவளிடம் சொன்னேன். உப்பு ஜாடியை எடுத்து அலமாரியில் வைத்தாள். அடுத்த கவாத்து முடிந்ததும் ஊருக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் அத்தை போய்விட்டாள்; காரியத்துக்குத்தான் இருவரும் வந்து சேர்ந்தோம். ஒரு மகளுடைய பெயரை முழுசாகச் சொல்லிக்கூட முடிக்கவில்லை, இன்னொரு மகளுக்கு இடமும் அமையவில்லை. அத்தை மகள் தேனியில் மசாலாக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். என்மேல் அவளுக்குக் கோபம் இருந்தால் நல்லது என்றுகூட நினைத்திருக்கிறேன். இருப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை.

நேற்று மத்தியானம் அவளும் என் மனைவியும் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு இங்கிலீஷ் கொஞ்சம், ஒருத்திக்குத் தமிழ் கொஞ்சம். கீரைக்கு அது போதும். என் சட்டைப்பையில் இருந்த அத்தையின் போன் அடித்தது. பாக்கு வாசனை, பிறகு ஒரு பெண் குரல். தேனாக இருந்தது.

"உங்க தெருவுல மசாலாக் கம்பெனிக்கு வேலைக்குப் போற பொண்ணப் பத்திக் கேள்விப்பட்டோம். நல்ல பிள்ளைன்னாக. மாமன் மகன் யாரோ வெளிநாட்டுக்காரியக் கட்டியிருக்காராமே, அது நெசமாங்க?"

நாக்கு நுனிவரை ஒரு பொய் தானாக வந்து நின்றது. அத்தைக்கு அன்று யோசிக்க எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. "நெசம்தாம்மா. அந்த மாமன் மகன் நான்தான். என் வீட்டுக்காரி இங்கனதான் உக்காந்து கீரை ஆயுறா" என்றேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. இணைப்பு இருந்தது.

அத்தை மகள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "குடுங்க மச்சான்" என்று வாங்கினாள். "வணக்கம்மா. நீங்க கேட்ட பொண்ணு நான்தான். என்ன கேக்கணுமோ என்கிட்டயே கேளுங்க" என்றபடி கிணற்றுப் பக்கமாக நடந்தாள்.

யார் பேசுகிறார்கள் என்று மனைவி கண்ணால் கேட்டாள்.

"விசா ஆபீஸ்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பாதி ஆய்ந்த கீரையை மடியில் வைத்தபடி, கிணற்றடியில் நிற்பவளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.