ஆமைத்தம்பியின் மூத்த தாரம்

என் கொழுந்தனுக்கு வாய் திறக்க நேரம் பிடிக்கும். பதில் நெஞ்சிலிருந்து நாக்குக்கு வந்து சேர்வதற்குள் கேட்டவர் கிளம்பிப் போயிருப்பார். அதனால் தெருவில் அவருக்கு ஆமைத்தம்பி என்று பெயர். வாஷிங் மிஷின் பழுது பார்க்கிற வேலை. மிஷினோடு பேச வேண்டியதில்லை, அதனால்தான் பிழைத்தான் என்பார் என் வீட்டுக்காரர்.

வேலை முடிந்து வந்தால் முன்னறை டிவியில் வீடியோ கேம். காடு, மலை என்று ஒரு கூட்டமாக நடந்து போகிற ஆட்டம். கூட வருகிறவர்களில் காயத்துக்கு மருந்து போடுகிற பெண் ஒருத்தி. அவள் ஏதாவது கேட்டால் திரையில் நாலு பதில் வரும். எவ்வளவு நேரம் யோசித்தாலும் பாவம், நின்றுகொண்டே இருப்பாள். மனசுக்குப் பிடித்த பதிலைச் சொன்னால் பிரியம் கூடும். அப்படிக் கூடிக் கூடிப் போன வருஷம் அவளைக் கல்யாணமே செய்துகொண்டார், ஆட்டத்துக்குள்தான். நானும் சிரித்துக்கொண்டே அன்று இனிப்பு செய்தேன்.

“ஆண்டவனே, நிஜத்திலும் ஒருத்தியைக் காட்டு” என்று நான் கேட்காத நாளில்லை. முன்பு வந்த இரண்டு இடமும் இவர் மௌனத்தைப் பார்த்தே தட்டிப்போயிருந்தது. “அடுத்ததும் போச்சுன்னா இனி பாக்க வேண்டாம் அண்ணி” என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் பஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி, தன் அக்காவோடு எங்கள் வீட்டுக்குப் பேச வந்தாள்.

என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. “தம்பிக்கு இது ரெண்டாந்தாரம்மா” என்று ஜோக் அடித்தார். அக்காக்காரிக்கு முகம் கறுத்தது. நான் பதறிப்போய் விஷயத்தை விளக்கினேன்.

“அவ்வளவுதானே? அதை அழிச்சிடுங்க தம்பி, சனியன் விட்டுதுன்னு” என்றாள் அக்கா.

சரி என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று நான் சாமியைக் கும்பிட்டேன். கொழுந்தன் தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அக்காக்காரி பையை எடுத்துக்கொண்டாள்.

“இருக்கா, அவர் இப்பத்தான் வண்டியை ஸ்டார்ட் பண்றாரு” என்று அவளைப் பிடித்து உட்கார வைத்தாள் தங்கை.

ஒருவழியாக அவர் வாய் திறந்தார். “அழிக்க மாட்டேங்க. யாராச்சும் கேட்டா பதில் சொல்லலாம்னு எனக்குப் பழக்கினதே அதுதான். வேணும்னா விளையாடாம இருக்கேன்.”

“பொம்மைக்கே இவ்வளவு பரிஞ்சு பேசுறாரு. எழுந்திருடி!”

அவள் எழுந்தாள். ஆனால் வாசலுக்குப் போகவில்லை, டிவி பக்கம் போனாள். “எனக்குக் காட்டுங்க.”

அவர் போட்டுக் காட்டினார். காட்டுப் பாதையில் இவர் நடக்க, மருந்துக்காரி பின்னால் வந்தாள்.

“இவங்க எப்பவும் பின்னாடியேதான் வருவாங்களா?”

“ஆமாங்க.”

“கோபம் வராதா?”

“வரும். நாலு பதில்ல ஒண்ணு சரியா இருக்கும்.”

“எனக்குக் கோபம் வந்தா நாலும் தப்பாத்தான் இருக்கும். பின்னாடியும் வர மாட்டேன். பரவால்லையா?”

அவர் யோசித்தார். அக்காக்காரி உட்பட எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

“பழகிக்கிறேங்க” என்றார்.

“அப்ப எனக்குச் சம்மதம். அந்தம்மாவும் இருந்துட்டுப் போகட்டும், சோறா கேக்குறாங்க?”

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கொழுந்தன் இப்போதும் மெதுவாகத்தான் பேசுகிறார், ஆனால் பேசுகிறார். அக்காக்காரி மட்டும் வரும்போதெல்லாம் முன்னறையை எட்டிப் பார்த்து, “மூத்தவ சௌக்கியமா?” என்று கேட்காமல் செருப்பைக் கழற்றுவதில்லை.