பேச்சியம்மாளின் தண்ணீர்ச் சார்ட்டு

எதையும் அளந்து எழுதாவிட்டால் பேச்சியம்மாளுக்குக் கை ஊறும். இருபத்தெட்டு வருஷம் ஹோம் நர்ஸ் வேலை. படுக்கையில் கிடப்பவர்களின் காய்ச்சல், மூத்திரம், வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் வேளை தவறாமல் சார்ட்டில் ஏற்றியவள். மட்டாஞ்சேரியில் வாய்க்காலோரம் இருக்கும் அவள் வீட்டுக்குள் கடலேற்றத்தின்போது தண்ணீர் வரத் தொடங்கியதும், அதற்கும் ஒரு சார்ட்டுப் போட்டுவிட்டாள். அடுக்களைச் சுவரில் ஒரு தையல் டேப்பை ஒட்டி, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் என்று தினமும் நோட்டில் எழுதினாள். வராத நாளுக்குப் பூஜ்யம். இப்படி ஆறு வருஷம்.

வாய்க்கால் முகப்பில் கடல்நீரைத் தடுக்கும் ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறது. அதைச் சரிசெய்தால் தண்ணீர் ஏறாது. அதைக் கேட்கத்தான் நோட்டைத் தூக்கிக்கொண்டு வார்டு சபைக்குப் போனாள். ஓவர்சியர் அபிராம் பக்கம் பக்கமாய்ப் புரட்டினார்.

"சேச்சி, உங்க நோட்டே சொல்லுதே. முதல்ல இருபது, இருபத்தஞ்சு. இப்ப ஆறு, எட்டு. தண்ணி தானாவே குறைஞ்சிருக்கு. இதை வச்சு ஷட்டருக்கு நான் எப்படி எழுதறது?"

நாலு பேர் சிரித்தார்கள். அவள் சார்ட்டில் எந்த டாக்டரும் குற்றம் கண்டதில்லை. இப்போது அவள் எழுதியதே அவளுக்கு எதிர்சாட்சி.

மறுநாள் சாயா குடிக்க வந்தான் அடுத்த வீட்டு ஷாஜி. கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பவன்.

"நோட்டைத் தாங்க சேச்சி. என் லேப்டாப்ல ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, நம்பரைப் போட்டா பாட்டாக்கும். பெரிய நம்பர்னா மேல போகும், சின்னதுன்னா கீழ. பூஜ்யத்துக்குச் சத்தமே கிடையாது."

"எங்க வீட்டுல சாக்கடை ஏறுறது உனக்குப் பாட்டாடா?"

"என் பாட்டைக் கேட்டவங்க எல்லாரும் சாக்கடைன்னுதான் சொல்றாங்க. ஒரு தடவை மாத்திப் பார்ப்போமே."

அவள் வாசிக்க, அவன் தட்டினான். இரண்டு நாள் பிடித்தது. எந்த வாத்தியம் என்று கேட்டதற்கு, டைல்ஸ் பதிக்கும் கொத்தனாரான அவள் புருஷன் சங்கரலிங்கம், "நாயனத்துல போடுடே" என்றார்.

நொடிக்கு நாலு நாள் வீதம் ஆறு வருஷமும் ஒன்பது நிமிஷச் சொச்சத்தில் அடங்கியது. நாயனம் பௌர்ணமிக்கு ஏறியது, இறங்கியது, அமாவாசைக்கு மறுபடி ஏறியது. மார்கழி வந்தால் உச்சத்தில் நின்று கூவியது. எதிர்வீட்டு சுனிதா ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "யாருக்குக் கல்யாணம்?"

"எங்க வீட்டுத் தண்ணிக்கு" என்றாள் பேச்சியம்மாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாலாம் வருஷம் தை மாதத்தில் நாயனம் படியில் கால் தவறியதுபோல் தொப்பென்று விழுந்தது. பௌர்ணமிக்குக் கூவியது, அடுத்த அமாவாசைக்கு அடித்தொண்டையில் முனகியது. அப்புறம் எழவே இல்லை.

"நிப்பாட்டு" என்றாள் பேச்சியம்மாள். "காய்ச்சல்னா படிப்படியா இறங்கும். ஒரேயடியா விழுந்து அப்படியே கெடந்தா, மொதல்ல தெர்மாமீட்டரைத்தான் பார்க்கணும். அது எந்தத் தேதி?"

ஷாஜி பார்த்தான். "ஜனவரி பதினெட்டு."

"ஏளா, அது நான் தரையை உசத்துன வாரம்லா?" என்றார் சங்கரலிங்கம். "நீ எர்ணாகுளத்துல டூட்டியில இருந்தே. நோட்டையும் நான்தான் எழுதுனேன்."

"டேப்பை என்ன செஞ்சீங்க?"

"உரிச்சு, புதுத் தரையில பூஜ்யம் வர்ற மாதிரி ஒட்டுனேன். அளவுன்னா தரையிலேர்ந்துதானே?"

"எத்தனை உசத்துனீங்க?"

"இருபத்திரெண்டு சென்டி. நான்தான் தெனமும் அடுக்களை நிலையில மண்டையை இடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். குள்ளச்சி, ஒனக்கு எங்கே தெரியும்?"

பேச்சியம்மாள் சிரித்த சிரிப்பில் சாயா டம்ளர் உருண்டது. புதுத்தரையில் மூன்று வருஷமாக நடக்கிறாள். டேப்பும் கூடவே ஏறியது ஒருநாளும் தோன்றவில்லையே!

அதற்கப்புறம் தண்ணீர் வந்த நாட்களுக்கு மட்டும் இருபத்திரண்டு கூட்டிப் போட்டார்கள். இப்போது நாயனம் விழவில்லை. வருஷத்துக்கு வருஷம் மேலேதான் போனது.

விஷயத்தைப் போய்ச் சொன்னபோது, "பாட்டெல்லாம் சாட்சி ஆகாது சேச்சி, தரையைப் பார்க்கணும்" என்று சொல்லி அபிராம் நேரில் வந்தார். ஆறடி ஆள். அடுக்களைக்குள் நுழைந்தார். டமால்!

"பார்த்தீங்களா சாரே" என்றாள் பேச்சியம்மாள். "தண்ணி இறங்கல. நாங்கதான் ஏறிட்டோம்."

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அவர் நெற்றியில் வைத்து, ஸ்டூலில் உட்காரவைத்தாள். ஒரு கையால் ஐஸைப் பிடித்தபடி இரண்டு பாட்டையும் கேட்டார். மறுகையால் ஷட்டருக்கு எழுதினார்.

மழை ஓய்வதற்குள் ஷட்டர் வேலை முடிந்தது. அந்தத் தை மாதம் ஷாஜி லேப்டாப்போடு வந்தான். "சேச்சி, ஷட்டர் சரியானதுக்கு அப்புறம் உள்ள பாட்டு!"

பொத்தானைத் தட்டினான். சங்கரலிங்கமும் சேர்ந்து மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் ஒரு ஆட்டோ போனது. அடுக்களையில் குக்கர் விசிலடித்தது. லேப்டாப்பிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் பேச்சியம்மாள். "இன்னும் கொஞ்சம் சத்தமா வையிடா."