நான் திருத்திய லோரி

கல்யாணப் பத்திரிகையில் ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெண்ணின் அப்பா கடை வாசலில் நின்று கத்துவார். ஒருமுறை மாப்பிள்ளை பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போய், அடித்த அட்டை அத்தனையையும் மறுபடி அடித்தோம். அன்றிலிருந்து எதையும் ஐந்து முறை படிக்காமல் நான் அச்சுக்குக் கொடுப்பதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் அந்த அட்டைக் கடையில் பதினெட்டு வருடமாகத் தமிழ் தட்டச்சு செய்கிறேன். காலையில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி உட்கார்ந்ததுமே, நேற்று அடித்ததில் முகூர்த்த நேரம் சரிதானா என்ற யோசனை தொடங்கிவிடும். முதலாளி சொல்வார்: "பயப்படறதுக்குப் போட்டி வெச்சா மலேசியாவுக்குத் தங்கம் நீதாம்மா. ஆனா போட்டிக்குப் போகப் பயந்துகிட்டு வீட்லயே உக்காந்துருவ."

அந்த மாணவி கடைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். முப்பது வயதுகூட இருக்காது. பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாளாம். கையில் இரண்டு பக்கத் தகவல் தாள். அதை அழகாக அடித்து, பிரதி எடுத்துத் தர வேண்டும். படித்துக்கொண்டே அடித்தேன். பள்ளியில் படிவம் ஐந்தை முடிக்காமல் வேலைக்குப் போனவர்கள், கிள்ளான் பள்ளத்தாக்கில், வேலையிடத்தில் எப்படித் தமிழ் பேசுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. அவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்யப்போகிறாள்.

"மிஸ், இங்க 'ஆய்வு பங்கேற்பாளர்'னு இருக்கு. நடுவுல 'ப்' வரணும்" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "ஐயோ, ஆமாக்கா. என் சூப்பர்வைசர்கூட இதப் பாக்கல. மிஸ்ஸெல்லாம் வேணாம்க்கா, ப்ளீஸ்."

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள். பதிவுகளைக் கேட்டு எழுத்தில் எடுத்துத் தர ஆள் தேடுகிறாளாம்; நான் செய்வேனா என்று கேட்டாள். நான் பதில் சொல்லுமுன், உள்ளேயிருந்து முதலாளி, "செய்வாங்க செய்வாங்க, இப்ப கல்யாண சீசனா என்ன" என்றார். அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது.

அதற்கு ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன், முடித்த பதிவைக் கணினியில் வைத்திருக்க மாட்டேன் என்று கையெழுத்து. அதன் நடுவில் ஒரு கட்டம்: கல்வி நிலை. அவள் எதிரே உட்கார்ந்து, மேசைக் கண்ணாடிக்கடியில் பார்வைக்கு வைத்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் 'எஸ்.பி.எம்.' என்று எழுதினேன், படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் அரசுத் தேர்வு.

நான் படிவம் இரண்டோடு நின்றவள். அதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. அப்பாவுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் காவலாளி வேலை கிடைத்து, வருட நடுவில் வீடு மாறினோம். புதுப் பள்ளிக்கு மாற்றல் கடிதம் வரும்வரை வீட்டில் இரு என்றார்கள். இருந்தேன். பிறகு கடிதம் வந்தது. தெரியாத பள்ளி, தெரியாத பிள்ளைகள், எந்த பஸ்ஸில் ஏறுவது என்றுகூடத் தெரியாது. அடுத்த வாரம் போகிறேன் என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன். யாரும் வற்புறுத்தவில்லை. வருடம் முடிவதற்குள் பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலையில் அக்காமார்களோடு நின்று கையுறை எண்ணிக்கொண்டிருந்தேன். தமிழை அதன்பிறகு நானாகத்தான் படித்தேன், கிடைத்த பத்திரிகையிலும் கோயில் அறிவிப்பிலும்.

அவள் ஆய்வுக்குத் தேடும் ஆள் என்னைப் போன்ற ஆள்தான் என்பது அந்தத் தாளை அடிக்கும்போதே தெரியும். தெரிந்துதான் எழுதினேன். பேசுகிறவர்கள் ஒரு பக்கம், எழுதுகிறவர்கள் ஒரு பக்கம் என்று எனக்குள் ஒரு கணக்கு. வாழ்க்கையில் ஒருமுறையாவது எழுதுகிற பக்கம் உட்கார்ந்து பார்க்க ஆசை.

பதிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலை முடித்துவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்காருவேன். எல்லாப் பதிவும் ஒரே மாதிரிதான் தொடங்கும். என்ன வேலை, எத்தனை வருடம், எதுவரைக்கும் படித்தீர்கள். அப்புறம் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போவார்கள். (அவர்கள் பேச்சில் சிலதை இங்கே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆளையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். சரிதானே என்று மறுபடியும் கேட்டேன்.)

மேருவில் லோரி ஓட்டும் ஒருவர் சொன்னார்: "காலைல லோரிய எடுத்தா ஜாம்தாலா. எறங்கி நின்னு சாப்பிட எங்க நேரம்? எல்லாம் தாப்பாவ்தான்."

நான் இப்படி அடித்தேன்: "காலையில் கனவுந்தை எடுத்தால் சாலை நெரிசல்தான். இறங்கி நின்று உண்ண நேரமில்லை. உணவைப் பொட்டலமாக வாங்கிக்கொள்வேன்."

ஐந்து முறை படித்தேன். ஒரு பிழை இல்லை. அந்த மனிதருக்கு நல்லது செய்ததாகவே நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் பெரியவர்கள் படிக்கப்போகும் தாளில் அவர் நம்மூர்ப் பேச்சில் வார்த்தைக் கடைசியில் ஒட்டும் 'லா'வைப் போட்டுப் பேசினால் என்ன நினைப்பார்கள்? அவரை நினைப்பது இருக்கட்டும், அதை அடித்தவளை என்ன நினைப்பார்கள்? தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண், "படிவம் ரெண்டோட நிப்பாட்டிட்டேன்லா" என்று சொல்லிச் சிரித்தாள். அதை "இரண்டாம் படிவம் வரை கல்வி கற்றேன்" என்று மாற்றினேன். சிரிப்பை விட்டுவிட்டேன்.

ஏழு பதிவு முடிந்தது. ஏழையும் அவளுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் அவள் கடைக்கு வந்தாள். மடிக்கணினியைத் திறந்து, காதில் மாட்டும் குமிழில் ஒன்றை எனக்குக் கொடுத்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இதக் கேட்டுகிட்டே உங்க பக்கத்தப் பாருங்க."

லோரிக்காரர் பேசினார். நான் என் எழுத்தைப் பார்த்தேன். அவள் முதலில் சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, இந்த அங்கிள் கனவுந்துன்னு எங்க சொன்னாரு?"

"லோரின்னுதான் சொன்னாரு. நான்தான்..."

"எனக்கு அந்த லோரிதாங்க்கா வேணும். தாப்பாவ் வேணும், ஜாம் வேணும். எத்தன 'லா' இருக்கு, யாருகிட்ட பேசறப்ப வருது, முதலாளிகிட்ட பேசறப்ப போயிருதா, அதத்தான் நான் தேடறேன். இதுல எல்லாரும் ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்காங்க."

உள்ளேயிருந்து முதலாளி, "பத்திரிகை அடிச்ச கையில்ல! விட்டா லோரிக்காரர 'அன்புடையீர்'னு ஆரம்பிக்க வெச்சுருப்பா" என்றார்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லக்கா. ஸ்கூல்ல எஸ்.பி.எம். வரைக்கும் தமிழ் எடுத்திருப்பீங்க, அந்தப் பழக்கமா இருக்கும்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏழையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் அவள் பேராசிரியரிடம் காட்டியாக வேண்டும். இந்தமுறை பதிவுகளை மறுபடி தந்து, சில விதிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். சொன்னது சொன்னபடி. 'ம்', 'ஆ' எல்லாம் வேண்டும். சிரித்தால் சிரிப்பு என்று போட வேண்டும். பேச்சு நின்றால் எத்தனை வினாடி நின்றது என்று எண்ணி, அடைப்புக்குள் எண் போட வேண்டும்.

"பேசாம இருக்கறதையுமா?"

"அதுதாங்க்கா முக்கியம். எதச் சொல்ல யோசிக்கறாங்கன்னு அதுலதான் தெரியும்."

மறுபடி காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிழையைப் பிழையாகவே அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. 'பழம்' என்பதை அவர் 'பளம்' என்றால் நானும் 'பளம்' என்றே அடிக்க வேண்டும். விரல் தானாக 'ழ'வுக்குப் போகும், இழுத்துக்கொண்டு வருவேன். முதல் பதிவுக்கு இரண்டு ஞாயிறு போயிற்று. அப்புறம் கை பழகியது. பழகப் பழக வேறு ஒன்று நடந்தது. முன்பு கேட்காதது காதில் விழ ஆரம்பித்தது. லோரிக்காரர் தன் மேலாளரைப் பற்றிப் பேசும்போது 'லா' போடவே இல்லை. மனைவியைப் பற்றிப் பேசும்போது வரிக்கு வரி போட்டார்.

அந்தத் தொழிற்சாலைப் பெண்ணின் பதிவுக்கு வந்தேன். எதுவரைக்கும் படித்தீர்கள் என்ற கேள்விக்கும் அவள் பதிலுக்கும் நடுவில் எண்ண எதுவுமே இல்லை. கேள்வி முடியுமுன்னே சொல்லிவிட்டாள். "படிவம் ரெண்டோட நிப்பாட்டிட்டேன்லா. (சிரிப்பு) பின்ன என்ன, வேலதான்." அதை அப்படியே அடித்தேன். அடித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அன்று முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை. வீட்டில் என்ன உடம்புக்கு என்று கேட்டார்கள்.

ஏழையும் முடித்துக் கொடுத்த அன்று, அவளைப் பக்கத்து மாமாக் கடைக்கு, ரொட்டியும் தேநீரும் விற்கும் கடைக்கு, கூட்டிக்கொண்டு போனேன். அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் என் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

"மிஸ், அந்தப் பாரத்துல ஒண்ணு தப்பா எழுதிட்டேன்."

"எந்தப் பாரம்?"

"மொத நாள் குடுத்தீங்களே. எஸ்.பி.எம்.னு போட்டேன். இல்ல. படிவம் ரெண்டுதான். அதுவும் முழுசா இல்ல. அப்பறம் கையொற பெக்டரிக்குப் போயிட்டேன்."

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "அக்கா, அத நான் மேல அனுப்பிட்டேனே."

இதைத்தான் எதிர்பார்த்தேன். "வேலைய விட்டுரட்டுமா?"

"இருங்கக்கா. நீங்க மேல படிக்காம நின்னது ஒரு தப்பே இல்ல. தப்பா எழுதுனதுதான், அத நான் சொல்லியாகணும். இந்த ஆய்வுக்கு யூனிவர்சிட்டி குடுத்த அனுமதி என் பேர்லதான் இருக்கு. மறைச்சா எனக்கும் சூசா, கஷ்டம்தான்." தட்டைத் தள்ளி வைத்தாள். "என்ன சொல்வாங்கன்னு எனக்கும் தெரியல. கேட்டு எழுதறேன்."

"உங்க படிப்புக்கு ஏதாச்சும் ஆயிருமா?"

"தெரியலக்கா."

பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்காக அவளை எனக்கு அன்று இன்னும் கொஞ்சம் பிடித்தது, பயமும் கூடியது.

ஒன்பது நாள். நான் கிள்ளானிலிருந்து போவதும் வருவதுமாக இருந்தேன். கொமுட்டர் ஜன்னலில் ஷா ஆலம் போவது தெரியும், சுபாங் ஜெயா போவது தெரியும், வேறு எதுவும் மனதில் ஏறாது. என்னால் ஒரு பிள்ளையின் படிப்பு கெட்டுவிட்டால் என்ன செய்வேன் என்பதுதான் யோசனை. கைப்பேசி சத்தம் வந்தால் எடுக்கப் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். முதலாளிக்கு நான் எதையும் சொல்லவில்லை. ஒரு காதுகுத்து அட்டையை எட்டு முறை படித்ததைப் பார்த்துவிட்டு, "காது குத்தப்போறது அந்தப் பிள்ளைக்குத்தாம்மா, உனக்கில்ல" என்றார்.

பத்தாம் நாள் அவளே நேரில் வந்தாள். கையில் ஒரு புதுப் பாரம்.

"இத நிரப்பிக் குடுத்தா போதுமாம். தேதிய மட்டும் இன்னைக்குப் போடணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வேலைக்கு எடுத்ததே உங்க தமிழப் பாத்துத்தானேன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்பறம் அந்தக் கட்டம் எதுக்கு அங்க இருக்குன்னு அவங்களுக்கே தெரியலக்கா. பழைய பாரத்துலேர்ந்து அப்படியே வந்துருச்சாம்."

ஒன்பது நாள் நான் சாப்பிடாமல் இருந்தது அப்படி ஒரு கட்டத்துக்காக. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பேனாவை எடுத்து 'படிவம் இரண்டு' என்று எழுதினேன்.

அவள் அதை வாங்கிப் பையில் வைத்துவிட்டுக் கிளம்பாமல் நின்றாள். "அக்கா, இன்னொண்ணு. மொதல்லயே தெரிஞ்சிருந்தா உங்களத்தான் மொதல்ல பேசக் கேட்டுருப்பேன். கையொற பெக்டரி, அப்பறம் இந்தக் கடை. அதுக்கும் கேட்டுட்டேன், செய்யலாம்னுட்டாங்க. ஒங்களுக்குப் பயமா இருந்தா வேணாம்."

"பயமாதான் இருக்கு."

"அப்ப வேணாமா?"

"வேணாம்னு நான் சொல்லலியே."

கடையின் பின்னால், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினேன். முக்கால் மணி நேரம். என்ன பேசினேன் என்று வெளியே வந்ததும் ஞாபகமே இல்லை. இதை வேறு ஆளிடம் கொடுத்து எழுத்தில் எடுக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நானே எடுக்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காதில் மாட்டினேன். யாரோ ஒரு பெண் பேசினாள். குரல் நான் நினைத்ததைவிட மெல்லியது. வரிக்கு மூன்று 'லா' போடுகிறாள். முகூர்த்தத்தை 'முகுத்தம்' என்கிறாள், பதினெட்டு வருடமாக அதைச் சரியாக அடித்துக்கொண்டிருப்பவள். அப்படியே அடித்தேன்.

"அக்கா எதுவரைக்கும் படிச்சீங்க?" என்று மாணவியின் குரல் கேட்டது.

அதற்கப்புறம் கடை மின்விசிறியின் சத்தம் மட்டும். தூரத்தில் முதலாளி யாருடனோ பேசுவது லேசாகக் கேட்டது. பின்னால் நகர்த்திக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி கேட்டேன். இன்னொரு முறையும் கேட்டேன், கொஞ்சம் குறையாதா என்று. குறையவில்லை. அடைப்புக்குள் நான்கு என்று போட்டேன். அதன் பக்கத்தில், அந்தப் பெண் சொன்னது சொன்னபடி: "படிவம் ரெண்டுலா."