கால் சுரம் கீழே ஒரு வீடு

என் அத்தானோடு கடைக்குப் போகிறவன் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. அக்காவும் அவரும் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த புதிதில், அழைப்பு மணி வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். விலையைக் கேட்கவில்லை, நிறத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மணியாக அழுத்தச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்றை வாங்கி வந்து மாட்டினார், மறுநாளே கழற்றிக் கொண்டுபோய்த் திருப்பினார். மாற்றித் தந்ததையும் திருப்பினார். கடைக்காரர் வெறுத்துப்போய், "சார், உங்க வீட்டுக்கு வர்றவங்க கதவைத் தட்டக் கூடாதா?" என்று கேட்டேவிட்டார். அத்தான் அசரவில்லை. கடையையே கலைத்துப் போட்டு ஒன்றைப் பொறுக்கிக்கொண்ட பிறகுதான் வெளியே வந்தார். அதுவும் எல்லா மணியையும் போல டிங்டாங் என்றுதான் அடித்தது.

அவர் தொழில் அப்படி. இசையமைப்பாளர்கள் கையால் கிறுக்கித் தருவதைக் கணினியில் ஏற்றி, வாத்தியக்காரர்கள் படிக்கிற மாதிரி சுத்தமாக அச்செடுத்துக் கொடுப்பார். அதிலும் கால் சுரம் என்றால் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். பியானோவில் ஒரு வெள்ளைக் கட்டையிலிருந்து பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு அரைச் சுரம் ஏறும். அந்த இரண்டுக்கும் நடுவே, கட்டையே இல்லாத இடத்தில் இருப்பது கால் சுரம். அதற்கென்று தனிக் குறிகள் உண்டு. மென்பொருளில் குறியைப் போடுவது சுலபம், ஒலிக்க வைப்பதுதான் பெரும்பாடு. குறி திரையில் ஜம்மென்று நிற்கும். கணினி அதைச் சட்டையே செய்யாமல் பழைய சுரத்தை வாசித்துவிட்டுப் போகும். இந்தக் குறி வந்தால் இத்தனை ஏற்று, அந்தக் குறி வந்தால் இத்தனை இறக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அத்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அடம்பிடிக்கிற குழந்தைக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு நாள் முழுக்கச் சொல்லிக் கொடுப்பார்.

அவரிடம் வேலை கொடுக்கிறவர்களில் முக்கியமானவருக்கு நாங்கள் வைத்த பெயர் தாடி. பெரிய இசையமைப்பாளர். கையெழுத்துதான் கோழி கிளறினாற்போல் இருக்கும். ஒருநாள் அத்தான் ஒரு தாளை அவர் முன்னால் நீட்டி, "இது கால் சுரம் ஏத்துறதா, இறக்குறதா?" என்று கேட்டார்.

தாடி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அது டீ. சிந்திடுச்சு."

"அப்போ எடுத்துடுறேன்."

"இருங்க, அவசரப்படாதீங்க. கால் சுரம் இறக்கி வாசிச்சுக் காட்டுங்க." அத்தான் வாசித்ததைக் கேட்டார். தாடியைத் தடவினார். "நல்லாத்தானே இருக்கு? இருந்துட்டுப் போகட்டும்."

அந்த டீத்துளி இன்று அச்சில் இருக்கிறது. யாரோ ஒரு வயலின்காரர் அதைப் பிடிக்க மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறாராம்.

இப்படிப்பட்ட மனுஷனின் மனைவி என் அக்கா. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுடையது. சமைக்கும்போது பாடுவாள், துணி மடிக்கும்போது பாடுவாள், சாயங்காலமானால் அத்தானின் கணினியோடு இணைத்த சின்னக் கீபோர்டில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டு பாடுவாள். போன வருடம் ஒரு பாடகர் குழுவில் சேர்ந்தாள். நிகழ்ச்சிக்குத் தேதி வைத்ததும், மருத்துவமனையில் டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை அத்தனை பேரையும் அழைத்துவிட்டாள். சொத்தைப் பல்லோடு வந்தவர்களையும் விடவில்லை. அவர்களால்தான் வாயைத் திறந்து மறுப்புச் சொல்ல முடியாதே.

ஒரு சாயங்காலம் ஒத்திகையிலிருந்து முகம் சுண்டிப்போய் வந்தாள். குழுவை நடத்தும் டீச்சர் எல்லோர் முன்னாலும், "நீங்க மட்டும் கொஞ்சம் கீழ போறீங்க. நிகழ்ச்சியில வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டாராம்.

"என்னங்க, எனக்குச் சுருதி சேரலையா?" என்று அத்தானைக் கேட்டாள்.

குளிர்சாதனப்பெட்டி தப்பாக முனகுகிறது என்று மெக்கானிக்கை வரவழைத்த மனுஷன், தரையைப் பார்த்துக்கொண்டு, "சேருதே. நல்லாத்தானே பாடுறே?" என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

மறுநாள் என் கிதாரைச் சுத்தமாகச் சுருதி சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். கீபோர்டோடு சேர்த்து வாசித்தால் நாராசமாக இருந்தது. எங்கே வைத்தாலும் ஒட்டவில்லை. "அத்தான், உங்க கீபோர்டு கெட்டுப்போச்சு" என்றேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு மச்சான். கெட்டுப்போகல. நான்தான் இறக்கி வெச்சிருக்கேன்."

கல்யாணமான புதிதில் அக்கா ஆசையாகப் பாட உட்கார்ந்தாளாம். குரல் அப்படி ஒரு குரல். ஆனால் கீபோர்டுக்குச் சரியாகக் கால் சுரம் கீழே நின்றதாம். சொன்னால் முகம் வாடிவிடும். இவர் மென்பொருளில் மொத்தச் சுருதியையும் கால் சுரம் இறக்கிவிட்டார். அவள் மறுபடி பாடினாள், சேர்ந்தது. "பாத்தீங்களா, எனக்குச் சுருதி சுத்தம்!" என்று குதித்தாளாம். அன்றிலிருந்து தாடியின் வேலைக்கு ஏற்றுவதும், அக்கா வரும் நேரத்துக்கு இறக்குவதுமாகக் காலம் ஓடியிருக்கிறது.

"அப்போ அந்த அழைப்பு மணி?"

"அதுவும் அவ சுருதிதான்" என்றார், வெட்கமே இல்லாமல்.

தலையில் அடித்துக்கொண்டேன். அவள் தொண்டையைக் கீழேயே பழக்கி வைத்தது இந்த மனுஷன்தான். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் அதைவிட அழகு. தினம் துளித்துளியாகச் சுருதியை ஏற்றிக்கொண்டே வந்தால், நிகழ்ச்சிக்குள் அவளுக்கே தெரியாமல் அவள் சரியான இடத்துக்கு வந்துவிடுவாளாம். ஆரம்பித்தும்விட்டார்.

பாதி ஏறியிருந்தபோது தாடி சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தார். பதற்றத்தில் அத்தான் அமைப்பை மாற்ற மறந்துவிட்டார். பாட்டு ஓடியது. தாடி துள்ளி எழுந்தார்.

"என்ன இது? மொத்தமும் கீழ இருக்கு! கால் சுரம்கூட இல்ல, அதுல பாதி!"

டீயோடு உள்ளே வந்த அக்கா நின்றாள். "கீழ இருக்கா? இதுலதானே நான் தினமும் பாடிப் பழகுறேன்?"

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. தாடி தன் பங்குக்கு உதவி செய்தார். "இது தானா மாறாதும்மா. யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க."

தாடியை அனுப்பிவிட்டு விசாரணை நடந்தது. அத்தான் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ பாடுறதையே விட்டுடுவேன்னு பயந்தேன்."

"சொல்லாததாலதான் அத்தனை பேர் முன்னாடி என்னை வாயசைக்கச் சொன்னாங்க!" என்று அழுதாள். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இரண்டு சாத்தலாம் போலவும் இருந்தது.

அக்கா என்னைக் கூப்பிட்டு எந்த இடத்தில் மாற்றுவது என்று கேட்டு, சுருதியை நேராக ஏற்றி வைத்தாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினாள். குரல் வழி தவறியவன் போல ஒவ்வொரு வாசலாகத் தடுமாறியது. அத்தான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்போன் இருந்தது, அதன் ஒயர் எதிலும் செருகப்படாமல் தொங்கியது.

ஒருநாள் கதவு திறந்தது. "உள்ள வாங்க. கீழ போனா கீழன்னு சொல்லணும். பொய் சொன்னீங்க, பாருங்க!"

அவர் உட்கார்ந்தார். அவள் பாடினாள். "கீழ" என்றார். அவள் மறுபடி பாடினாள். "இன்னும் கீழ." பென்சில் பறந்து வந்தது. குனிந்துகொண்டு, "இப்பவும் கீழதான்" என்றார். தினமும் பென்சில் பறந்தது. அவள் மெல்ல மெல்ல ஏறினாள். ஒத்திகைக்குப் போய்ப் பாடிக் காட்டியதும் டீச்சர் பழைய பேச்சை எடுக்காமல் அவளை வரிசையில் நிற்க வைத்தார்.

நிகழ்ச்சியன்று அக்கா வாயசைக்கவில்லை, பாடினாள். எனக்கு முன் வரிசையில் பல் மருத்துவமனையே உட்கார்ந்திருந்தது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், இமையோரம் ஈரமாக இருந்தது.

"எப்படி அத்தான்?" என்றேன்.

"ரெண்டு இடத்துல கீழ" என்று மூக்கை உறிஞ்சினார். "வீட்டுக்குப் போய்ச் சொல்லிடுவேன்."

சொன்னார். வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்போது வாசலில் அழைப்பு மணி அடித்தது. வாழ்த்துச் சொல்லத் தாடி வந்திருந்தார். அக்கா கதவைத் திறக்கப் போனவள் பாதியில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"என்னங்க, இந்த மணி கீழ இருக்கு."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "கால் சுரம். நாளைக்கே மாத்திடுறேன்."

"கையை வெச்சீங்க, ஒடிச்சிடுவேன்" என்றாள் அக்கா. "அது எனக்காக வாங்கினது. அப்படியே இருக்கட்டும்."

வெளியே தாடி பொறுமையிழந்து மறுபடி மணியை அழுத்தினார். அது முழுதாக அடித்து முடிக்கும்வரை கேட்டுவிட்டு, அக்கா கதவைத் திறந்தாள்.