பதினாலாவது இலை

1. முதல் நாள் பாடம்

குற்றாலத்தில் சப்ளையர் வேலைக்கு நான் சேர்ந்த அன்று முதலாளி அண்ணாச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு விஷயம்தான்.

"ஏலே, கஸ்டமர் என்ன கேட்டாலும் இல்லைன்னு மட்டும் சொல்லாத. ரசம் தீந்துட்டுன்னா 'இந்தா வருது'ன்னு சொல்லு. எடம் இல்லைன்னா 'ரெண்டு நிமிசம் அண்ணாச்சி'ன்னு சொல்லு. அருவில குளிச்சிட்டுப் பசியோட வாரவன்ட்ட இல்லைன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிருவான். வெளங்குதா?"

"வெளங்குது அண்ணாச்சி."

நான் அச்சன்புதூர்க்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வேன், அது ஒன்றுதான் எனக்கு வரும். அன்றைக்குப் பிடித்தது. 'ஆமா அண்ணாச்சி', 'சரி அண்ணாச்சி', 'வாங்க அண்ணாச்சி'. இந்த மூன்றையும் வைத்தே இருபத்தைந்து சீசன் ஓட்டிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் பயப்படுகிற ஆள். கேஸ் வால்வை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். சாம்பார் வாளியோடு நடக்கும்போது எந்தப் பிள்ளை குறுக்கே ஓடிவருமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடுப்படியில் பரமசிவம் மாஸ்டர் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. "வானம் இடிஞ்சு விழும்னு சொன்னா, இவன் மொதல்ல இலைக்குக் கொட பிடிப்பாம்லே" என்பார்.

2. போன் வந்தது

சீசனுக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, எந்த அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்பது. இரண்டாவது, எங்கே சாப்பிடலாம் என்பது. எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, சாரலில் நடுங்கிக்கொண்டு வருகிறவனுக்கு ஒரு பசி இருக்கும். வேறு எந்த ஊரிலும் அந்தப் பசியை நான் பார்த்ததில்லை. சிலர் செங்கோட்டை ரோட்டில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் தேடிப் போவார்கள். இலைச் சாப்பாடு வேண்டும் என்கிறவர்கள் எங்கள் மெஸ்ஸுக்கு வருவார்கள்.

இப்போது மெஸ் மெயின் ரோட்டில், கான்கிரீட் கட்டிடத்தில் இருக்கிறது. முன்னால் ஐந்தருவிப் பக்கம் ஒரு தோப்புக்குள் தகரக் கொட்டகையில் இருந்தது. கோரைப்பாயை விரித்துத் தரையில் உட்கார வைத்துப் போடுவோம். பக்கத்திலேயே ஓடை. ஒரு மழையில் ஓடை பொங்கி அடுப்படிச் சுவரைத் தள்ளிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அதோடு முதலாளி இடத்தை மாற்றிவிட்டார். போன் நம்பர் மட்டும் அதேதான்.

பெரிய பார்ட்டி என்றால் முன்கூட்டியே போன் செய்து இத்தனை இலை என்று சொல்வார்கள். நாங்கள் போர்டில் ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும் எழுதி, அவர்கள் வருகிற நேரத்துக்கு இலை விரித்துத் தண்ணீர் தெளித்து வைப்போம். அவர்களுக்கென்று போட்ட இலையை, அந்தப் பார்ட்டி எழுந்து போகிறவரை எடுக்கக்கூடாது. அது எங்கள் கடைப் பழக்கம்.

இது நடந்தது மூன்று சீசனுக்கு முன்னால். ஆனி மாதக் கடைசி. பகல் பதினொன்றரை மணி இருக்கும். வெளியே சாரல் கனத்து, எதிர்க்கடை போர்டே தெரியாத அளவுக்கு மூடாக்கு. ஒரு கையில் கூட்டு வாளி, மறு தோளில் போனை இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"மெஸ்ஸாலே? கோவில்பட்டி பார்ட்டி. பதினாலு இலை போட்டு வையி." வயதான குரல். பின்னால் தண்ணீர் இரைச்சல்.

"சரி அண்ணாச்சி."

"ஒரு இலைக்கு உப்புக் கூடாது. சோறு, கறி எதுலயும் கூடாது."

"சரி அண்ணாச்சி."

"தோப்புலதான?"

"ஆமா அண்ணாச்சி, வாங்க."

போனை வைத்துவிட்டேன். என்ன கேட்டார், என்ன சொன்னேன் என்று அப்போது என் மனதில் ஒன்றும் பதியவில்லை. ஏழாவது டேபிளில் மோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டரிடம் உப்பில்லாமல் ஒரு ஆளுக்குத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். அவர் கரண்டியை நிறுத்தினார்.

"உப்பில்லாம இலை போடுதது யாருக்குன்னு தெரியுமாலே?"

"பிரசர்காரங்களுக்கு."

"எங்க வீட்ல செத்தவங்களுக்குப் படைக்கையிலதாம்லே உப்புப் போட மாட்டோம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தக் கிண்ணத்தை மற்ற வாளிகளோடு சேர்க்காமல் தள்ளி வைத்தேன்.

3. இரண்டு இலை

ஒரு மணிக்குக் கோவில்பட்டி பார்ட்டி வந்தது. ஒரு வேன், ஒரு கார். தலையில் துண்டு, நெற்றியில் விபூதி, ஈரத் துணிப் பைகள். முன்னால் வந்தவர் அந்த வீட்டு மருமகன். நல்ல வாய்.

"கோவில்பட்டியா அண்ணாச்சி? போன்ல சொன்னபடி இலை போட்டாச்சு, வாங்க."

"போனா? நம்மள்ல எவனோ வெவரமான ஆளு இருந்திருக்கான் பாரேன்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நான் வழக்கப்படி எண்ணினேன். பன்னிரண்டு பேர். வரிசைக் கடைசியில் இரண்டு இலை காலி. ஒன்று உப்பில்லாதது. பரிமாறிக்கொண்டு வந்த வேகத்தில் அதற்கும் சோறு வைத்துவிட்டேன். ஆள் இல்லாத இலையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

கல்லாவிலிருந்து முதலாளி சத்தம் கொடுத்தார். "ஏலே, அந்த ரெண்டையும் எடுத்துட்டு வேற ஆள உக்கார வையி. வெளியில கூட்டம் நிக்கி."

"பார்ட்டி இலை அண்ணாச்சி."

"வந்தா வேற இலை போடுவோம்லே!"

எனக்குக் கை வரவில்லை. மருமகனிடம் போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு பேரு வரணுமே?"

"ரெண்டா? நாங்க மொத்தமே பதிமூணுதான். எங்க மாமா ஒருத்தர்தான் பாக்கி. கார்ல வந்தவங்க கூட்டியாருவாங்க."

"கார்ல வந்தவங்க எல்லாரும் உக்காந்தாச்சே அண்ணாச்சி."

"வாயக் கட்டிக்கிட்டுச் சோத்தப் போடுய்யா. அவரு கை கழுவப் போயிருப்பாரு."

கை கழுவுகிற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். யாருமில்லை. கக்கூஸ் கதவைத் தட்டினேன். அதுவும் காலி. திரும்பி வந்தபோது, இன்னும் வராத அந்தப் பெரியவரின் மகள், செல்வி அக்கா, என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கடைசி இலைக்கு மட்டும் ஏன் தனிக் கிண்ணத்துல இருந்து போட்டீங்க?"

"அது உப்பில்லாத இலைக்கா. போன்ல சொல்லியிருந்தாங்க."

அக்காவின் கை பிசைந்த சோற்றோடு அப்படியே நின்றது. "எங்க வீட்டுல உப்பில்லாம சாப்பிடுறவங்க யாரும் இல்ல" என்றார். பிறகு ரொம்ப மெதுவாக, "அம்மா சாப்பிடுவா. அவ போயி அஞ்சு வருசம் ஆச்சு" என்றார்.



"அப்பா எங்க? கார்லதான வந்தாரு?" என்று அக்கா கேட்டார்.

"வேன்லல்லா ஏறுனாரு!" என்றான் காரை ஓட்டி வந்த தம்பி.

கார்க்காரர்கள் வேனில் என்று நினைத்திருக்கிறார்கள். வேன்காரர்கள் காரில் என்று நினைத்திருக்கிறார்கள். ஐந்தருவியில் துணி மாற்றிய பிறகு பெரியவரை ஒருவரும் பார்க்கவில்லை. கொஞ்ச நாளாக அவருக்கு ஞாபகம் பிசகுகிறது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

அக்கா செல்லை எடுத்து அப்பாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார்கள். முதலில் தண்ணீர் சத்தம். அருவிச் சத்தம் மாதிரி மேலிருந்து விழுகிற சத்தம் இல்லை. பக்கத்தில், தரையோடு ஓடுகிற சத்தம்.

"அப்பா! எங்க இருக்கீங்க?"

"மெஸ்லதான். சத்தம் போடாத. அம்மா சாப்பிட உக்காந்திருக்கா."

போன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு லைன் கிடைக்கவில்லை.

4. நான் சொன்ன 'ஆமா'

அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. 'தோப்புலதான?' 'ஆமா அண்ணாச்சி, வாங்க.'

சொல்லலாமா, விடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். அதை மறைக்க மாட்டேன். சொன்னால் வேலை போகும் என்ற பயம். பக்கத்து டேபிளில் ஒருவர், ஐந்தருவியில் தண்ணீர் கூடிவிட்டது, குளிக்க விடவில்லை, போலீஸ் விரட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அருவியில் கூடினால் அரை மணியில் ஓடையிலும் கூடும்.

"அண்ணாச்சி, நான்தான் தப்புப் பண்ணிட்டேன். பழைய தோப்புக்குப் போயிருக்காரு. நான்தான் அங்கன வரச் சொன்னேன்."

முதலாளி எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பைக் சாவியை என் கையில் திணித்தார். "பேசிட்டு நிக்காதலே. போ! நான் போலீசுக்குச் சொல்லுதேன்."

மருமகன் பின்னால் உட்கார்ந்தார். மெயின் ரோட்டில் ஏக வண்டி. தோப்புப் பாதைக்குள் திரும்பியதும் ஒரு ஈ காக்கை இல்லை. மூடாக்கில் மரங்களின் அடி மட்டும் தெரிந்தது, தலை தெரியவில்லை. பாதையின் குறுக்கே செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கணுக்காலுக்கு மேல் இருக்கும். பைக்கை உருட்டித்தான் கடந்தோம்.

கொட்டகையில் பாதித் தகரம் இல்லை. மிச்சம் இருந்த தகரத்துக்குக் கீழே, நாங்கள் வழக்கமாக முதல் பந்தி போடுகிற இடத்தில், பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். காட்டு வாழையிலிருந்து இரண்டு இலையைக் கிழித்து, நுனி இடது பக்கம் வர முறையாக விரித்திருந்தார். ஒன்று அவருக்கு முன்னால். இன்னொன்று பக்கத்தில். இரண்டிலும் தண்ணீர் தெளித்திருந்தது. படிக்கு ஒரு சாண் கீழே ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

"எம்புட்டு நேரம்லே?" என்றார் என்னைப் பார்த்து. "அவளுக்கு மொதல்ல போடு. அவ பசி தாங்க மாட்டா."

மருமகன் பாய்ந்து போய்க் கையைப் பிடித்தார். "மாமா, இங்க மெஸ் இல்ல. அத்தை இல்ல. எந்திரிங்க, தண்ணி வருது!"

பெரியவர் கையை உதறிவிட்டார். "இல்லையாம்லா! இந்தா உக்காந்திருக்கா. கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்று தூணைக் கட்டிக்கொண்டார். இழுக்க இழுக்க இன்னும் இறுக்கினார். தண்ணீர் படியைத் தொட்டது.

அந்த இடத்தில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. தொழில் வார்த்தைதான் வாயில் வந்தது. அந்தக் காலி இலைக்கு முன்னால் குனிந்தேன்.

"சோறு மெயின் ரோட்டுக் கடையில வெந்து இறங்கிட்டு அண்ணாச்சி. இங்கன அடுப்பு நனைஞ்சிட்டு. ஆச்சிக்கு உப்பில்லாம தனியா எடுத்து வச்சிருக்கேன். ரெண்டு பேரும் வாங்க."

பெரியவர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். யாரோ பதில் சொல்வதைக் கேட்கிற மாதிரி கொஞ்சம் தலையைச் சாய்த்தார். பிறகு தூணை விட்டுவிட்டு எழுந்தார்.

பைக்கில் மருமகன் ஏறி, பெரியவரை நடுவில் ஏற்றி, நான் பின்னால் ஏறப் போனேன். "அவ எங்க உக்காருவா?" என்றார் பெரியவர். கேட்கவேண்டிய கேள்விதான். விலகிக்கொண்டேன்.

"நீங்க போங்க. நான் நடந்து வாரேன்."

பைக் மூடாக்குக்குள் போய்விட்டது. தண்ணீரில் தனியாக நடந்தேன். என் காலடிச் சத்தத்தைத் தவிர வேறு எந்தச் சத்தத்துக்கும் காது கொடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தேன். பாதையைக் கடந்து மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, கொட்டகைக்குள் தண்ணீர் நுழைந்து அந்த இரண்டு இலையையும் தூக்கி வெளியே கொண்டுவந்தது. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் ஒட்டியபடி போயின.

5. இலை எடுத்தது

நான் கடைக்கு வந்தபோது பெரியவர் தலை துவட்டி, கடைசிக்கு முந்தின இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து இலையை யாரும் எடுக்கவில்லை. முதலாளியே எடுக்கச் சொல்லவில்லை. மாஸ்டர் உள்ளேயிருந்து வந்து, ஆறிப்போன சோற்றின் மேல் சூடாக இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனார். செல்வி அக்கா எதிரே உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் கிளம்பும்போது மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் 'ஆமா'வைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நான் இலை எடுத்தேன். பதிமூன்று இலை எடுத்துவிட்டுப் பதினாலாவதற்கு வந்தேன். மேல் பாதி கீழே வர, உட்காருகிறவர் பக்கமாக மடித்திருந்தது. வயிறு நிறைந்தவர்கள் மடிக்கிற மாதிரி. பெரியவர் மடித்திருப்பார் என்று நினைத்தேன். ஆனால் எடுத்தபோது கனமே இல்லை. இரண்டு கரண்டிச் சோறு வைத்த இலை அது.

பெரியவரே இரண்டையும் சாப்பிட்டிருக்கலாம். பசித்த மனிதர். வேனில் ஏறப்போன அக்காவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "அப்பா தன் இலையிலதான் கைவச்சாரு. நான் கண்ண எடுக்கலையே" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மாஸ்டரிடம் சொன்னேன். முதல் தடவையாக அவர் என்னைக் கேலி செய்யவில்லை. "கழுவிட்டு அடுத்த இலையப் போடுலே" என்றார்.

புதிதாகச் சப்ளையர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுங்கள். 'இல்லை' என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல்லுங்கள். நான் இப்போது யார் போன் செய்தாலும், அவர்கள் கேட்காவிட்டாலும், "தோப்புல இல்லை அண்ணாச்சி, மெயின் ரோட்டுல" என்று இரண்டு தடவை சொல்கிறேன். புரிந்ததா என்று திருப்பிச் சொல்லவும் வைக்கிறேன். சிலர் எரிந்து விழுகிறார்கள். விழட்டும்.

ஆனால் ஒன்று. யாராவது ஓர் இலை கூடுதலாகச் சொன்னால், யாருக்கு என்று நான் கேட்பதில்லை. உப்புப் போடலாமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.