வளராத ஆட்டுக்குட்டி

பொலித்தீன் பையில் சுற்றி இறப்பர் பட்டி போட்ட அந்த ரிமோட் எப்போதும் மாமியின் மடியிலேயே இருக்கும். மாமி என் அப்பாவின் அக்கா. நீர்வேலியில் எங்களுக்கு அடுத்த வளவு. பொழுதுபட்டு விளக்கு வைத்த கையோடு நான் அங்கே போய்விடுவேன். நாகலோகமும் மந்திரவாதிகளுமாக ஒரு தொடர் ஓடியது. மந்திரத்தில் மாமி ஒரு குறையும் காணமாட்டார். பாம்பு பெண்ணாகலாம், மலை பறக்கலாம். காலக்கணக்குப் பிசகினால் மட்டும் விடவே மாட்டார். நாகலோகத்தில் பன்னிரண்டு வருடம் சிறையிருந்து இளவரசி திரும்பியபோது, அவள் விட்டுப்போன ஆட்டுக்குட்டி துள்ளிக்கொண்டு ஓடி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியோ, "பன்னிரண்டு வருசமா உது குட்டியாவே நிண்டதோ?" என்றார்.

அதையும் முடிவுப் பாட்டு வந்த பிறகுதான் சொன்னார். கதை ஓடும்போது நான் வாய் திறந்தால், "பொறு பிள்ளை, பாட்டு வரட்டும்" என்பார். "இவ்வளவு பிழை பிடிச்சுக்கொண்டு ஏன் மாமி பாக்கிறியள்?" என்று ஒருநாள் சீண்டினேன். "பிழை பிழைதான். அதுக்காக அந்தப் பிள்ளையை நடுவழியிலை விட்டிட்டு எழும்பிறதோ?" என்றார்.

சத்திரசிகிச்சை முடிந்து மாமி தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா திடீரென்று போய்விட்டார். தம்பி செத்ததைக் கேட்டால் மாமி தாங்கமாட்டார் என்று அம்மா பயந்தார். எனக்கும் அதே பயம். அப்பாவோடு மாமியையும் இழக்க என்னால் முடியாது. செத்தவீடு முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு போய், அப்பா கண் காட்டக் கொழும்புக்குப் போயிருக்கிறார் என்றேன். அதுவரை ஒவ்வொரு நாளும் பிள்ளையார் கோயில் விபூதி கொண்டுபோய் மாமிக்குப் பூசிவிடுவேன். சாவு நடந்த துடக்கு வீட்டார் கோயிலுக்குப் போகக்கூடாதே! திருத்தவேலைக்காகக் கோயிலைப் பூட்டிவிட்டார்கள் என்று சமாளித்தேன். பிறகொரு நாள், கதைக்கிற பிராக்கில், அதே கோயிலில் கொடியேறிவிட்டதென்றும் சொல்லித் தொலைத்தேன். மாமி "ஓமோ?" என்று மட்டும் கேட்டார். தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். நல்ல விசரி நான்.

அவரை வீட்டுக்கு விட்ட நாள், ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் மாமி சாரதியின் தோளைத் தட்டினார். "என்ரை வீடு பிறகு. முதல் இவளின்ரை வீட்டை விடு, ராசா." பிறகு என்னைப் பார்த்து, "அந்தியேட்டி இன்னும் முடியேல்லைத்தானே?" என்றார். அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியையைக் கேட்கிறார்!

"நீ விபூதி கொண்டு வராத அண்டைக்கே விளங்கீட்டுது. திருத்தவேலை நடக்கிற கோயிலிலை கொடியேத்தமாம்!"

"ஏன் மாமி அப்பவே கேக்கேல்லை?"

"அப்பனைப் பறிகுடுத்திட்டு வந்து எனக்குக் கதை சொல்லிக்கொண்டு நிண்டனி. நடுவிலை எப்பிடி மறிக்கிறது?" என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்தார். "கதை முடிஞ்சுது. இனி அழு பிள்ளை."

செத்தவீட்டில்கூட அடக்கிவைத்திருந்ததை எல்லாம் அந்த ஓட்டோவுக்குள் அழுதேன். மாமியும் அழுதார்.

இன்று மாமியும் இல்லை. அந்தத் தொடரை மறுபடி போடுகிறார்கள். ரிமோட் என் மடியில் இருக்கிறது. பையை நான் கழற்றவில்லை. நேற்று ஆட்டுக்குட்டி ஓடி வந்ததும் அம்மா, "உதென்ன, அந்தக் குட்டி வளரேல்லையோ?" என்று தொடங்கினார்.

"பொறுங்கோ அம்மா," என்றேன். "பாட்டு வரட்டும்."