நாலு வாய்ப் பால்

எங்கள் கன்றைக் கொன்றது என் அண்ணன். நானல்ல.

போன வாரம் வேங்கிக்காலில் அவர் மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். பசுவையும் கன்றையும் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். டைல்ஸ் தரையில் கன்று வழுக்கிக் காலைப் பரப்பி நின்றது. பிடிக்கப் போனேன். அண்ணன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "ஏய், இவள கன்னுகிட்ட வுடாதீங்கப்பா. பால ஊட்டியே ஒரு கன்ன சாவடிச்சவ!" கூடமே சிரித்தது. என் மருமகளும் சிரித்தாள்.

பிறந்த கன்றின் வாசனை தெரியுமா உங்களுக்கு? ஈர வைக்கோலும் ரத்தமும் பாலும் கலந்த வாசனை. வேங்கிக்கால் கன்று குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் என் மூக்கில் அந்தப் பழைய வாசனைதான் ஏறியது.

எழுபதுகளின் கடைசி. தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். வீட்டுக்கு வீடு மாடு. பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு வீட்டோடு இருந்த எனக்கு மாடு மேய்ப்பதுதான் உத்தியோகம்.

எங்கள் மாட்டுக்குத் தலைச்சன் ஈற்று. அம்மா சோறு வடிக்கிற நேரத்தில் கன்று போட்டது. மூக்கைத் துடைத்தேன், குளம்பு நுனியைக் கிள்ளினேன். அது விழுந்து எழுந்து, தாயின் முன்னங்காலுக்கு நடுவே மடியைத் தேடியது. என்னைப் போலவே திக்குத் தெரியாத ஜென்மம். மடிப் பக்கம் திருப்பினால் தாய் உதைத்தது. பின்னங்காலைக் கயிற்றால் அணைத்துக் கட்டினேன். கன்றின் வாயில் விரலை வைத்தேன். சப்பியது. விரலோடு காம்பையும் சேர்த்து வைத்து, விரலை மட்டும் உருவிக்கொண்டேன். நாலு வாய் குடித்திருக்கும். வால் ஆட ஆரம்பித்தது.

அண்ணன் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார்.

"நஞ்சுக்கொடி வுழுந்துச்சா?"

"இன்னும் இல்லண்ணா. கன்னு பசில கத்துது."

"அறிவுகீதா ஒனக்கு? நஞ்சு வுழறதுக்குள்ள ஊட்டுனா கன்னு தங்காது."

வாயில் நுரையோடு கன்றை இழுத்துப் போய், மடி எட்டாத கம்பத்தில் கட்டினார். நான் அவிழ்க்கவில்லை. பயம்.

நஞ்சுக்கொடி மறுநாள் காலையில்தான் விழுந்தது. கன்றைத் தூக்கி மடியில் பிடித்தேன். விரலைக்கூடச் சப்பவில்லை. கறந்த சீம்பாலை அம்மா வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சிச் சந்துக்கே கொடுத்தாள். மூன்றாம் நாள் கன்று கழிந்து கழிந்தே செத்தது.

"இவதாம்பா வயிறு முட்ட ஊட்டிட்டா" என்று அப்பாவிடம் அண்ணன் முந்திக்கொண்டார். நாலு வாய்தான் என்று நான் அழுதது யார் காதிலும் ஏறவில்லை. பிறகு அண்ணிக்குப் பிள்ளை பிறந்தபோது, கையை நீட்டிய என்னை அம்மாவே தடுத்தாள். "நீ தூக்காதடி. ஒன் கை ராசி வேற."

நானும் அதை நம்பினேன். கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்ட பிறகு, அங்கே மாடு ஈன்றால் சமையற்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். அவ்வளவு பெரிய அறிவாளி. எண்பதுகளில் ஒரு நாள் கால்நடை டாக்டர் ஒருவர் எங்கள் களத்துக்கு வந்தார். "நஞ்சு வுழற வரைக்கும் காத்திருக்காதீங்கம்மா. பொறந்த ஒடனே சீம்பால் உள்ள போவணும். இல்லன்னா கன்னு பொழைக்காது" என்றார்.

அன்றே அதை அண்ணனுக்கு இன்லேண்ட் லெட்டரில் எழுதினேன். பதில் வந்தது. எல்லோரும் சுகம், அங்கே மழை உண்டா என்று. கன்றைப் பற்றி ஒரு வரி இல்லை. கம்பத்தில் கட்டிய அன்று அவருக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஊரே அப்படித்தான் செய்தது. ஆனால் போன வாரம் அவர் சொன்னது தெரிந்தே சொன்னது.

சந்தில் இப்போது ஒரு மாடு இல்லை. கொட்டகை இருந்த இடம் லாட்ஜ். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே கிரிவலம் வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. அப்பா இல்லை, அம்மா இல்லை. என் கை ராசியைப் பற்றிப் பேசிய சந்துப் பெண்களும் இல்லை. அன்று கொட்டகையில் நடந்ததைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

அண்ணா, அடுத்த மாதம் உங்கள் பேத்திக்குக் காது குத்து. சொந்தம் முழுக்க மண்டபத்துக்கு வரும். பந்தி போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். குடித்துக்கொண்டிருந்த கன்றைக் காம்பிலிருந்து பிடுங்கியது யார்?